கட்டுக்கம்பி

பங்குனி சனிக்கிழமை, காலை ஐந்தரை.
செக்கானூரணிக்கு அந்தப்பக்கம் வலது கையில் இறங்கினோம்.
தார் முடிந்த இடத்தில் இர்ஷாத்
ஹெல்மெட்டுக்குள் கத்தினான்,
மணி அடித்த பள்ளிக்கூடம் மாதிரி.

கண்மாய் வற்றிக் கிடந்தது.
வெடித்த சேற்றின் மேல் நின்றபடியே ஓட்டினோம்,
முழங்கால் மடக்கி.
ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தால்
வண்டி நம்மை ஓட்டும்.
தெரிந்துதான் இறுக்கிப் பிடித்தேன்.

நாகமலை அடிவாரத்தில் சரளை.
முன்சக்கரம் போன இடத்துக்குப்
பின்சக்கரம் வர மறுத்தது.
விழுந்தது ஞாபகமில்லை.
வானம் பக்கவாட்டில் இருந்தது,
அது ஞாபகமிருக்கிறது.
எழுந்ததும் முதலில் வண்டியைத்தான் பார்த்தேன்.
இதை அம்மாவிடம் சொல்லக்கூடாது.

தாங்கி ஒடிந்து சைலன்சர்
அறுந்த செருப்பு வாராகத் தொங்கியது.
வீடியோவில் பார்த்த வைத்தியங்களை
ஒவ்வொன்றாகப் பேசிக்கொண்டிருந்தபோது
எதிரே ஒரு எக்ஸ்எல்.
இரண்டு பக்கமும் பால் கேன்,
முன்னால் சோளத்தட்டைக் கட்டு,
கட்டின் மேல் ஓர் ஆட்டுக்குட்டி.
நாங்கள் மூன்று தடவை முக்கி ஏறிய மேட்டை
ஒற்றைக் கையால் இறங்கினாள்.
மறு கையில் போன்:
"பெறகு பேசுறேன்,
ரெண்டு பேரு விழுந்து கெடக்காய்ங்க."

சீட்டுக்கடியில் குறடு, கட்டுக்கம்பி.
மூன்று சுற்று, ஒரு முறுக்கு.
சுட்ட விரலை வாயில் வைத்தபடி கேட்டாள்:
"இந்தப் பாதையில என்ன சோலி உங்களுக்கு?"
"சும்மாதான்" என்றான் இர்ஷாத்.
"சும்மாவாம்"
என்று குட்டியிடம் சொன்னாள்.
பெயர் கேட்டோம்.
ஒச்சம்மா என்ற சத்தம்
வளைவுக்கு அந்தப்பக்கமிருந்து வந்தது.

ஞாயிறு, வில்லாபுரம்.
மாடிப்படிக்குக் கீழே பேப்பர் விரித்து
கார்புரேட்டரைப் பிரித்தேன்.
இட்லித் தட்டில் குழிக்கு ஒரு நட்டு,
கழற்றிய வரிசையில்.
ஏர் ஃபில்டரைத் தட்டினால்
கண்மாய் உதிர்ந்தது, ஒரு கைப்பிடி.
ஜெட்டை ஊதி
வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன்.
ஊசிமுனை அளவுக்கு
எதிர்வீட்டுச் சுவர் தெரிந்தது.
மத்தியானம் கறிச்சோற்றில் பெட்ரோல் மணம்.

புதுத் தாங்கி,
சிம்மக்கல்லில் முந்நூற்றைம்பது கொடுத்தது,
உறை பிரிக்காமல் படியில் இருக்கிறது.
குறடும் கையுமாகக் கம்பியருகே
கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.
முறுக்கு நல்ல இறுக்கம்.
அவிழ்க்கத் தெரியவில்லை என்று
வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது உதையில் பிடித்தது.
வீட்டுக்காரர் செல்வின் பால்கனிக்கு வந்து
"இன்னும் சரியாகலையா தம்பி?" என்றார்.
சரியாகிவிட்ட சத்தமே அதுதான் என்று
அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

நாளைக் காலைக்கு மாவு இருக்கிறது.
தட்டைப் புளி போட்டுத் தேய்த்தேன்,
சாம்பல் போட்டுத் தேய்த்தேன்.
ஒரு குழியில் மட்டும்
கறுப்பு போகவில்லை.