ஏழாவது ஜோடி

ஸ்லோகன் பள்ளத்தாக்கில் பழைய தீயணைப்புக் கொட்டகை.
வண்டியை ஊராட்சி விற்றுவிட்டது.
குழாய்களை மட்டும்
லூஷா ஹ்லூக்கோஃப் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

இப்போது அவற்றில் தண்ணீர் ஓடுவதில்லை.
இரண்டு இரும்பு உத்தரங்களுக்கு நடுவே படுக்கவைத்துக்
காற்றை ஏற்றுகிறாள்.
குழாய் புடைக்கப் புடைக்க
அடியில் மரமும் கண்ணாடியிழையும் பசையும்
வம்பு வழக்கெல்லாம் விட்டு ஒன்றாகின்றன.
ஒரு ஜோடிக்கு ஓர் இரவு.
வருஷத்துக்குப் பதினான்கு ஜோடி ஸ்கீ.
பதினைந்தாவது கேட்டால்
"அடுத்த வருஷம் உயிரோடிருந்தால்" என்பாள்,
யாருடைய உயிர் என்று சொல்லாமல்.

நான் இரவில் நெடுஞ்சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன்.
எட்டு மணி நேரம் அதை எதிரியாக நடத்திவிட்டு
விடிந்ததும் அதன் மேலேயே ஏறிப் போகிறவன்.
அதனால்தான் ஏழாவதை என்னிடம் கொடுத்தாள்.
"இதை விற்க முடியாது. இடது கால் இருபது கிராம் கனம்.
ஓட்டிப் பார். பொய் சொல்லாமல் வந்து சொல்."

முதலில் கெட்டதைச் சொல்லிவிடுகிறேன்.
பகலில் உருகி ராத்திரி இறுகிய பாதையில்
அவை தகரக் கூரை மேல் ஓடும் ஆடுகள்.
கடைவாய்ப் பல்வரை அதிர்கிறது.
விளிம்பு பிடிக்கும், பிடித்ததை மறந்துவிடும்.
பாதத்துக்கடியில் ஆறு விரற்கடை அகலம்;
ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சாய்ப்பது
துணி நிறைந்த பீரோவை நகர்த்துகிற பாடு.

பிறகு காட்டுக்குள் திரும்பினேன்.

தேவதாருக்களின் நடுவே
முழங்காலைத் தாண்டிய பொடிப்பனி.
சலித்து வைத்த மாவு. யாரும் கை வைக்கவில்லை.
முதல் நொடி மூழ்கினேன்.
அடுத்த நொடி
இரண்டு மூக்குகளும் மேலே வந்தன
நீர் குடித்து நிமிரும் வாத்துகளாய்.

அப்புறம் நான் ஒன்றும் செய்யவில்லை.
திரும்ப நினைத்தேன்; திரும்பியிருந்தேன்.
வால்பக்கம் ஒல்லி, எங்கேயும் கொக்கி போடவில்லை.
விழுந்து கிடந்த மரத்தைத் தாண்டி இறங்கியபோது
உள்ளிருந்த ஆஸ்பென் வளைந்தது, யோசித்தது,
அவசரமில்லாமல் என்னைத் திருப்பிக் கொடுத்தது.
தொழிற்சாலைப் பலகை திருப்பி அடிக்கும்.
அந்த இருபது கிராமை
இடது காலில் தேடித் தேடிப் பார்த்தேன்.
கிடைக்கவில்லை.

மூன்றாவது இறக்கத்தில் ஒரு மரக்கட்டை,
பனிக்கடியில், எனக்காகவே காத்திருந்தது.
படக்.

மேல்தாள் உள்ளங்கை அளவு உரிந்து தொங்கியது.
அடியில் வெள்ளை மரம். அதில் பென்சில் எழுத்து,
ரஷ்ய எழுத்தில், அவள் கை:
"புதன். பசை இறுக மாட்டேன் என்கிறது.
ஹீட்டர் பார்க்கணும். வெங்காயம்."

பதினோரு வருஷப் பழக்கத்தில்
அவள் என்னிடம் இத்தனை பேசியதில்லை.

கொட்டகையில் காயத்தைப் பார்த்தாள்.
முட்டியால் தட்டிக்கொண்டே போனாள், காதை வைத்து.
ஓரிடத்தில் சத்தம் காலியாயிருந்தது.
"பசை பட்டினி" என்றாள். "அந்தப் புதன்தான்."
உடனே தொலைபேசி. எட்டாவது ஜோடியும் அதே வாரம்,
வாங்கியவர் ஒரு பல் டாக்டர்.
"கழற்றி வைத்துவிடுங்கள். பணம் அனுப்புகிறேன்."
வெளியே இந்த வருஷத்தின் ஆகச் சிறந்த பனி விழுந்துகொண்டிருந்தது.
அவர் என்னவெல்லாம் சொன்னாரோ,
முழுக்கக் கேட்டுவிட்டே வைத்தாள்.

"சரி. எப்படி ஓடியது?"
"மேகத்து மேல..."
"அது வேண்டாம். எங்கே நடுங்கியது?"

சொன்னேன்.
கெட்டிப் பாதை, வளைவின் கடைசி, வலது முனையில் முதலில்.
மேசையில் பத்தாவது ஜோடியின் மரம் தயாராக இருந்தது,
இன்னும் பசை காணாமல்.
காதிலிருந்து பென்சிலை எடுத்து
அதில் எழுதினாள்: "முனை தடிமன் அரை மில்லி கூட்டு.
ஃபெட்யா சொன்னான்."

அதன் கீழே, சற்று அழுத்தமாக:
"வெங்காயம்."

கம்ப்ரசர் உறுமியது. குழாய்கள் மெல்லப் புடைத்தன.
எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது;
சாலை முழுக்கப் பனி.