மடுவத்தில் இரண்டு கோடு

கொழுந்து மடுவத்துக்குப் பின்னால்
சாக்கு அடுக்கின் மேல் ஏறி நின்றால்
இரண்டு கோடு சிக்னல் வரும்.
மழை பெய்தால் ஒன்று.

டிக்கோயா ஆஸ்பத்திரிக் கொப்பியில்
சிங்களத்தில் ஒரு வரி.
தோட்டத்து டிஸ்பென்சரியில் வாசிக்கச் சொன்னேன்.
"வீட்டிலேயே வச்சுப் பாக்கட்டாம்" என்றார்.
எதைப் பார்ப்பது என்று எழுதவில்லை.

போனைக் கேட்டேன்.
சாவு என்று அடித்தேன்:
கனவில் சாவு வந்தால் காசு வரும் என்றது.
கடைசி மூச்சு என்றதற்கு
ஏதோ படத்தின் டிரெயிலர் ஓடியது.
ஈரல் புற்றுநோய், வலி என்றேன்.
வெள்ளைக் கோட்டுக்காரர் ஒருவர்
முள்சீத்தா இலைப்பொடியைக் காட்டி
சிரித்துக்கொண்டே வங்கிக் கணக்கு நம்பர் தந்தார்.

அனுப்பினேன். பொய் சொல்ல மாட்டேன்.
நாலாயிரம். மூன்று நாள் பேர்.
ஞானமுத்து ஒரு வாய் குடித்து
இரண்டு வாய் வாந்தி எடுத்தார்.
"மாடுகூட மேயாது இத."

அப்புறம்தான்
கணக்கப்பிள்ளையின் தராசு முள்ளைப் பார்க்கிற கண்ணோடு
பார்க்கத் தொடங்கினேன்.
யார் எழுதியது, என்றைக்கு எழுதியது,
கடைசியில் என்ன விற்கிறார்கள்.

ஒரு பக்கம் கிடைத்தது. படம் இல்லை.
மேலே தேதி, கீழே டாக்டரின் பேர்.
இந்த நிலையில் நோய் குணமாகாது என்று
முதல் வரியிலேயே இருந்தது.
அதனால் நம்பினேன்.

சாப்பாட்டைத் திணிக்காதீர்கள், பசி முதலில் போய்விடும்.
தொண்டையில் கரகரப்பு வரும்,
அது அவரைவிடக் கேட்கிற உங்களைத்தான் வதைக்கும்.
மருந்தை நேரத்துக்குக் கொடுங்கள்,
வலி வந்து கதவைத் தட்டும்வரை வைத்திருக்காதீர்கள்.
எத்தனை நாள் என்பது எங்களுக்கும் தெரியாது.

தெரியாது என்று எழுத
எவ்வளவு படித்திருக்க வேண்டும்!

பதினோரு படம் பிடித்துக்கொண்டேன்,
லயத்துக்குள் சிக்னல் இறங்காது.
அடியில் ஒரு நம்பர் இருந்தது. எடுத்தேன்.
ஏழாவது மணியில் ஒரு பெண் குரல்,
கல்லும் மண்ணுமான தமிழில்:
"அய்யா இப்ப தூங்குதா?
நீங்க சாப்ட்டதா?"

சாக்கின் மேல் நின்றபடியே அழுதேன்.
கொழுந்து நிறுக்க வந்த பரிமளா
ரீலோட் முடிந்துவிட்டது என்று நினைத்து
தன் போனை நீட்டினாள்.

ராத்திரி காம்பராவில்
பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தேன்,
அந்தப் பக்கத்தில் சொன்னபடி.
தண்ணீர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.
சாயத்தண்ணி வேண்டுமாம், சீனி தூக்கலாக.
பதினோரு படத்தையும் தள்ளித் தள்ளிப் பார்த்தேன்.
அதைப் பற்றி ஒன்றும் இல்லை.
கேத்தலை அடுப்பில் வைத்தேன்.