கிழிசல், இரண்டு அங்குலம்

பினாங்கில் இடித்த கொட்டகையிலிருந்து
என்னிடம் வந்து சேர்ந்தது ஒரு கணக்கு நோட்டு.
டிக்கெட் எத்தனை, உடைந்த நாற்காலி எத்தனை,
ஓரக் கட்டத்தில் "குறிப்பு."
அந்தப் பழைய படத்துக்கு மலாயில் வசனவரி எழுதுகிறவள் நான்.
நாயகியின் "உயிரே"வை ஆறு விதமாய் எழுதிப் பார்த்தேன்,
ஒன்றும் பிழைக்கவில்லை.
அந்தச் சலிப்பில்தான் நோட்டைத் திறந்தது.

ஐம்பத்து நான்கு. நைனா முகம்மதுவின் சாய்வெழுத்து:
"சுங்கை பட்டாணித் தோட்டங்களிலிருந்து மூன்று லோரி ஜனம்.
நஞ்சுக் கிண்ணத்தை அவள் எடுத்ததும்
'குடிக்காதே தாயி' என்று பெண்கள் பக்கம் ஒரே கூச்சல்.
அப்பன்காரன் முகத்தைப் பார்த்து யாரோ வீசிய செருப்பில்
திரை கிழிந்தது, இரண்டு அங்குலம்.
தைத்தாயிற்று. நூல், பதினைந்து காசு.
செருப்பைக் கேட்டு யாரும் வரவில்லை."

அதன்பின் அந்தத் தையல்
எல்லாப் படத்திலும் நடித்திருக்கிறது.
ராஜாக்களுக்குத் தழும்பாக,
மழைக்காட்சியில் மின்னலாக,
ஒருமுறை பிள்ளையார் தும்பிக்கையில்
(மன்னிப்புக் கேட்டுக் கற்பூரம், ஐந்து காசு).

எழுபது. கை மாறியிருக்கிறது, மிக்கேல்:
"சாவுக்குச் சத்தமே இல்லை.
கப்பலுக்குத்தான் அழுகிறார்கள்."
படத்தில் அந்தக் கப்பல் இருபது வினாடி.
நாயகன் ஏறுவான், ஒரு கைக்குட்டை, ஒரு சங்கு,
உடனே வேறு காட்சி.
சிவப்பு அடையாளக் கார்டுக்கு
வேலை இல்லை என்று ஆகிவிட்ட மாதங்கள்.
உள்ளே இருந்தவர்களில் பலர் மடியில்
இன்னொரு டிக்கெட்டும் இருந்தது,
நாகப்பட்டினத்துக்கு.
தையல் அன்று விழுந்த இடம்
கடலும் வானமும் ஒட்டுகிற கோடு.
அடுத்த வரி:
"வியாழன். கூட்டம் பாதி. கப்பல் கிளம்பிவிட்டதாம்."

எண்பத்து மூன்றில் லூர்துமேரி,
உருண்டை உருண்டையான எழுத்து:
"ஒன்பது பேர். எல்லார் வீட்டிலும் வீடியோ.
நஞ்சு வருமுன் எழுந்துவிட்டார்கள். கடைசி பஸ்."

பிறகு வெறும் தாள்.
ஒரு பல்லி முட்டையின் ஓடு.

நேற்று கோலாலம்பூரில் திரையிட்டார்கள்.
கழுவித் துடைத்த பிரதி, மாசில்லாத் திரை,
என் வசனவரி வெள்ளையாய்க் கீழே.
கிண்ணம் வந்தது. சிரித்தார்கள்.
"ஏய் குடிக்காத, யாராச்சும் ஆம்புலன்ஸுக்கு அடிங்கடா" என்றது
பின்வரிசையில் ஒரு குரல். மறுபடி சிரிப்பு.
பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்,
எழுபது வருஷத்துக் கண்ணீருக்கு
நானே காவல் என்பதுபோல.

சிரிப்பு நின்ற இடம் ஒன்று உண்டு.
அம்மா அவள் அறையை வெளியிலிருந்து தாழிடும் காட்சி.
பேச்சில்லை, எனக்கு அங்கே வேலையுமில்லை.
நோட்டில் ஒருவரும் அதைக் குறிக்கவில்லை.
எனக்கு முன்வரிசையில் ஒரு பெண்
மினுங்கிய கைப்பேசியை
மடியில் கவிழ்த்து வைத்தாள்.
விளக்குப் போட்டும் எழவில்லை.
துடைப்பத்தோடு வந்தவர்
அந்த வரிசையைக் கடைசிக்கு வைத்துக்கொண்டார்.

மோனோரெயிலில் நின்றபடி வரும்போதுதான்
பின்வரிசைக் குரல் எனக்குச் சரியாகக் கேட்டது.

வீட்டுக்கு வந்து நோட்டை விரித்தேன்.
ஆள், அறுபத்தொன்று. நாற்காலி சேதம், இல்லை.
குறிப்பு என்ற கட்டத்தில்
"குடிக்காதே" என்று எழுதினேன்,
யார் சொன்னது என்பதை விட்டுவிட்டு.