எந்த எண்ணிலிருந்து

முந்நூற்று எண்பத்தாறு இதழ்கள்.
மாதம் ஒன்று, முப்பத்திரண்டு வருஷத்துக்குச் சற்று மேல்.
நடுவில் இரண்டு மாதம் அச்சகத்தில் வேலைநிறுத்தம்;
அந்த இரண்டு மாதமும் திரியெஸ்தே ஊரில்
ஒரு பேய்கூடப் பிடிபடவில்லை.

உள்ளே வந்து நில்லுங்கள், துல்லியோ.
போரா காற்று கடையின் தகரத்தைப் பிய்க்கிறது.
ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரி லிஃப்டைப் பழுதுபார்த்துவிட்டு
விடியற்காலையில் வந்து கேட்கிறீர்கள்,
லிசெர்த் காமிக்ஸை எங்கிருந்து தொடங்குவதென்று.

ஒன்றாம் எண் என்பார் மருந்துக்கடை எஜீதியோ.
ஒழுங்கானவர். மாத்திரை அட்டையைக்கூட
இடது ஓரத்திலிருந்துதான் பிதுக்குவார்.
ஆனால் ஒன்றாம் எண்ணில் லிசெர்த்துக்கு
மூக்கே இன்னும் வந்து சேரவில்லை.
கோட்டில் நான்கு பொத்தான், பக்கத்தைப் புரட்டினால் ஆறு.
நொண்டல் இல்லை, கடன் இல்லை,
பேயைக் கண்டால் துப்பாக்கியை எடுக்கிறான், பாவம்.

அறுபத்தாறு என்பார் பாதிரியார் தோன் லிவியோ.
வியாழக்கிழமைதோறும் வருவார்,
பங்குச் செய்திமடலுக்குள் சுருட்டிக்கொண்டு போவார்.
பேயோட்டும் லத்தீன் அதில் மட்டும்தான் பிழையில்லாமல் இருக்கிறதாம்.

தொண்ணூற்று நான்குக்கு முந்தியதையெல்லாம்
கொளுத்திவிடலாம் என்பாள் ஸ்தானா,
துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவள்.
அங்கேதான் ஓவியர் மாறினார்.
அதுவரை கோடுகளாக விழுந்த மழை
அதிலிருந்துதான் ஆட்களை நனைத்தது.

நானா?
எனக்கு யாரும் சொல்லவில்லை.
பல் மருத்துவரிடம் காத்திருந்தேன், பாதி வாய் மரத்துப்போய்.
கையில் கிடைத்தது அட்டை கிழிந்த இருநூற்று மூன்று.
முதல் பக்கத்திலேயே சவ அடக்கம்.
ஒத்தாவியா என்று ஒருத்தி.
லிசெர்த் கையுறையைக் கழற்றிவிட்டு
பெட்டியின் மேல் ஒரு தீப்பெட்டியை வைக்கிறான்.
ஏன் தீப்பெட்டி? சொல்லவில்லை.
பதினோரு பக்கத்துக்கு ஒரு வசனம் கிடையாது.
மரத்த கன்னத்தில் கண்ணீர் இறங்கியது
எனக்கே தெரியவில்லை;
ரொம்ப வலிக்கிறதா என்று கேட்டு
உதவிப்பெண் பஞ்சு கொண்டுவந்து கொடுத்தாள்.

அப்புறம் பின்னோக்கிப் போனேன்.
பழைய புத்தகச் சந்தை, செத்துப்போனவர்கள் வீட்டு ஏலம்,
ஒருமுறை ரயிலேறி ஊதினே வரைக்கும்.
முப்பத்தொன்றில் அகப்பட்டாள்.
ஏணியில் நின்று விளக்கேற்றப் பார்க்கிறாள்.
மூன்று குச்சி அணைகிறது, நாலாவது பிடிக்கிறது.
வாசலில் சொட்டச் சொட்ட நிற்கிறவனைப் பார்த்து
"நாயை உள்ளே விடுவதில்லை" என்று சிரிக்கிறாள்.
அவனுக்கு அன்றைக்கு ஒன்றும் தெரியாது.
அந்தக் கட்டத்துக்குள் இருந்த மூன்று பேரில்
நான் ஒருத்திதான்
அவளைப் புதைத்துவிட்டு வந்தவள்.

லிசெர்த்தின் தொழிலும் அதுதானே?
பேய் முதலில் வந்துவிடும்,
ஆள் யாரென்று பிறகுதான் அலைய வேண்டும்.
நீங்களும் தரைத்தளத்திலிருந்தா வேலையைத் தொடங்குகிறீர்கள்?
லிஃப்ட் எந்த மாடியில் சிக்கியதோ
அந்த மாடியில்தானே கதவை நெம்புவீர்கள்?

ஆனால் இருநூற்று மூன்றைத் தரமாட்டேன்.
வாயை அடக்காமல் சொல்லிக் கெடுத்துவிட்டேன்.
இனி அவள் எங்கே குச்சி கிழித்தாலும்
உங்களுக்கு என் வீங்கிய கன்னம்தான் ஞாபகம் வரும்.

அதோ, ஹீட்டருக்குப் பின்னால் ஒரு பெட்டி.
ஈரம் பட்டவை, ஓரங்கள் ஒட்டியிருக்கும், பாதி விலை.
எண்ணைப் பார்க்காமல் கையை விடுங்கள்.

நூற்று எழுபத்தெட்டா?
அய்யோ.
இல்லை, நான் ஒன்றும் சொல்லவில்லை.
இரண்டு யூரோ. சில்லறையாக இருந்தால் நல்லது.
கோட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள், காற்று அடிக்கிறது.