மாநிறம்

பிப்ரவரி. பெலோத்தாஸ் நகரம்.
மூன்றாம் மாடி, முந்நூற்றேழாம் அறை.
மின்விசிறி சுற்றுகிறது, காற்று வரவில்லை.
எங்களுக்கு ஐந்து நாற்காலிகள்,
எதிரே ஒன்று, கேமராவைப் பார்த்தபடி.

நான் நூலகத்தில் வேலை பார்ப்பவள்.
எந்தப் புத்தகம் எந்த அலமாரிக்கு என்று
பத்தொன்பது வருடமாகச் சொல்லிவருகிறேன்.
அதனால்தானோ என்னவோ
இந்தக் குழுவில் என் பெயரைப் போட்டார்கள்.

கறுப்பர், மாநிறத்தவர் என்று எழுதிக்கொடுத்து
ஒதுக்கீட்டில் இடம் கேட்கும் பிள்ளைகளை
நேரில் பார்க்க வேண்டும்.
பார்க்க மட்டும்.
அப்பா யார், அம்மா யார், கேட்கக் கூடாது.
எத்தனை மணிக்குக் கிளம்பினாய், சாப்பிட்டாயா,
கேட்கக் கூடாது.
தோல், முடி, மூக்கு, உதடு.
பிறகு ஆம், அல்லது இல்லை.

இந்தக் குழு வேண்டுமென்று கத்தியவர்களில்
நானும் ஒருத்தி.
இதே கட்டடத்தின் வாசலில்
அட்டையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றேன்.
எங்களுக்கென்று வைத்த மருத்துவ இடத்தில்
பொன்முடிக்காரன் ஒருவன்
எட்டாம் பருவம் வரை உட்கார்ந்து படித்தான்.
கேட்டதற்கு,
உள்ளுக்குள் நான் கறுப்பன் என்றான்.

இன்று காலை முதலில் வந்தவள் ஹெலோயீசா.
நல்ல பழுப்பு, கழுத்துவரை.
உறுதிமொழியை வாசித்தாள், கையெழுத்திட்டாள்.
தாளின் ஓரத்தில்
ஒரு பழுப்பு விரல்ரேகை ஒட்டிக்கொண்டது.
யாரும் சிரிக்கவில்லை.
ஒதெட்டி அந்தத் தாளை
ஊதி உலர்த்திக் கோப்பில் வைத்தாள்.

அதெல்லாம் சுலபம்.

பதினொன்றரைக்கு வால்மீர்.
சட்டைப்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்தான்,
எங்க அப்பா, என்றான்.
படம் வேண்டாம் தம்பி, முகம் போதும், என்றாள் ஒதெட்டி.
மேசையில் கவிழ்த்து வைத்தான்.
ஸ்டூடியோவின் முத்திரை மட்டும் எனக்குத் தெரிந்தது,
ஊதா மை, பாதி அழிந்து.

தண்ணீர்க் குழாயருகே காலையில் பார்த்தபோது
பையன் மாநிறம்.
இப்போது ட்யூப்லைட்டின் கீழ்
வெளுத்துப்போயிருந்தான்.
திரையைக் கொஞ்சம் விலக்கலாமா என்றேன்.
எல்லோருக்கும் ஒரே வெளிச்சம், அதுதானே நியாயம்,
என்றாள் ஒதெட்டி.
அதுவும் சரிதான்.

ஒரு கண்ணில் வெண்ணெயும்
ஒரு கண்ணில் சுண்ணாம்பும் கூடாது என்றுதான்
பத்துக் கண்களை வைத்திருக்கிறார்கள்.
பத்தில் இரண்டு என்னுடையவை.
அவற்றில் அன்று என்ன இருந்ததென்று
எனக்கே தெரியவில்லை.

இரண்டுக்கு இரண்டு. கடைசியாக என் முறை.
படிவத்தில் 'காரணம்' என்று மூன்று வரி இடம்.
தோற்றக் கூறுகள் போதாது, என்று எழுதினேன்.
ஒரு நிறத்தைப் பார்த்துப் 'போதாது' என்று
வாழ்நாளில் நான் சொன்னது அதுதான் முதல்முறை.
என் நிறத்துக்குக் கிடைத்துவந்த சொல்
எப்போதுமே 'அதிகம்'.

முடிவு வெள்ளிக்கிழமைப் பட்டியலில் வரும்.
வேண்டுமானால் மேல்முறையீடு உண்டு,
வேறு ஐந்து பேர், வேறு அறை.
அங்கே ஜன்னல் பெரியது என்று சொல்ல
வாயெடுத்தேன்.
பேசக் கூடாது.
அவன் நாற்காலியை மேசைக்கடியில் தள்ளிவிட்டு
நன்றி சொல்லிவிட்டுப் போனான்.
படத்தை மறந்து, திரும்பி வந்து, எடுத்துக்கொண்டான்.

இரவு, குளியலறையில்
ஜுசாரா பல் தேய்த்துக்கொண்டிருந்தாள்.
அப்பா பக்கம் கொஞ்சம், என் பக்கம் கொஞ்சம்.
இன்னும் இரண்டு வருடத்தில் அவளும் விண்ணப்பிப்பாள்.
கண்ணாடிக்கு மேலே மஞ்சள் பல்பு.
நெற்றி, மூக்கு, காதோரச் சுருள்.
பல்பை அணைத்துவிட்டு
கூடத்து வெளிச்சத்தில் பார்த்தேன்.
கூடத்து விளக்கையும் அணைத்தேன்.
தெருவிளக்கு கொஞ்சம் உள்ளே வந்தது.

இருட்டுல எப்படிம்மா பல்லு தேய்க்கிறது,
என்றாள்,
வாயில் நுரையோடு.