தோணி வராத காட்சி

முடி தயார். தலைதான் கடலில்.
ராஜபார்ட் தாமோதரராவ் நாகபட்டினத்தில் ஏறிவிட்டதாக
முந்தாநாள் தந்தி. பிறகு காற்று விழுந்துவிட்டது.

பருத்தித்துறைக் கொட்டகையில் எண்ணூறு பேர்.
தரை பத்துச் சதம், வாங்கு இருபத்தைந்து,
முன்கதிரையில் விதானையார், ஓசியில்.

'பத்து நிமிசம் இழு' என்றார் முதலாளி.
பபூன் கதிரிப்பிள்ளை படுதாவை விலக்கிப் போனான்.
நான் ஆர்மோனியத்தில் சுருதியைப் பிடித்தேன்.

குடிகாரன் பகிடி முடிந்தது.
இரண்டு பெண்சாதிப் பகிடி முடிந்தது.
கலியாண வீடுகளுக்கென்று பொத்திவைத்த
நண்டுக்கறிப் பகிடியும் போனது.
பெற்றோமாக்சுக்கு மூன்றாம் முறை காற்றடித்தார்கள்.

மடியிலிருந்து நோட்டீசை எடுத்தான்.
'விதானையார் ஐயா, உங்கட கண்ணாடியை ஒருக்காத் தாங்கோ,
இதுக்குள்ளை என்னைத் தேடவேணும்.'
அவன் பெயர் அச்சுக்கூடம் மை மிச்சம்பிடித்த எழுத்தில்.

அதுவும் தீர்ந்தது.
கண்ணாடியைக் கழற்ற மறந்து நின்றான்.
'சனங்களே, மெய்யாச் சொல்லுறன்.
ராசா வரேல்லை. தோணி வரேல்லை.
என்னட்டை இனி ஒண்டும் இல்லை.'

கொட்டகைக் கிடுகு அதிர்ந்தது.
தரையில் ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டான்.
கதிரிப்பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தான்,
தாளம் பிசகினவன் பார்ப்பதுபோல.

'அம்மாவாணை!' என்றான். இன்னும் சிரித்தார்கள்.
'காசைத் திருப்பித் தரச் சொல்லுறன்!'
முதலாளி ஒருவர்தான் சிரிக்கவில்லை.

வேறு வழி?
தோணி வரேல்லை என்பதை முகாரியில் பாடினான்,
காபியில் பாடினான்,
இங்கிலீசு நோட்டில் குதித்துக்குதித்துப் பாடினான்.
விடிவெள்ளிக்கு என் விரல் மரத்துப்போயிருந்தது.

மத்தியானம் ராவ் வந்து இறங்கினார்,
கடல் வாந்தியில் கன்னம் ஒட்டி.
அன்றிரவு பிரவேசப் பாட்டின் முதல் அடியிலேயே
தரையிலிருந்து சத்தம்:
'ராசா வேண்டாம்! தோணியைக் கொண்டுவா!'

சங்கானை நோட்டீசில் 'தோணி வராத காட்சி'
பெருவிரல் மொத்தத்தில் அச்சாயிற்று.
அடியில் கதிரிப்பிள்ளை, வழக்கம்போல எறும்பளவு.

பிறகு ஊர் ஊராக,
முடியும் சரிகையும் பூட்டிக்கொண்டு
படுதாவுக்குள் தகரப்பெட்டிமேல் குந்தியிருந்து
தாம் வராததை ஒரு மணிநேரம் கேட்பார் ராவ்.
அளவெட்டியில் ஒருநாள் என் காதுக்குள் மெதுவாக:
'ஐயா, இன்றைக்கு நான் எத்தனை மணிக்கு வரலாம்?'

வெளியே கதிரிப்பிள்ளை
நெற்றியில் கைவைத்துக் கடலைத் தேடிக்கொண்டிருந்தான்,
திருப்பிக் கொடுக்காத
விதானையாரின் கண்ணாடியோடு.