கிழிவதற்கென்றே ஒரு தையல்

குளுகோர், இரட்டை மாடி வரிசை வீடு, ஓட்டுக்கூரை.
பதினாறு பலகைகள்.
பன்னிரண்டாவதின் அடியில் மைனா கட்டிய கூடு:
காய்ந்த புல், உறிஞ்சுகுழல்,
தைப்பூசத்தில் யாரோ தொலைத்த மஞ்சள் நூல்.

எட்டரைக்கே ஓடு சுட்டது.
வெயில் இருக்கும்வரை பலகை விழித்திருக்கும்.
கீழே சுவிட்சை அணைத்தால் வீடுதான் அணையும்,
கூரை அணையாது.
அதனால் கையுறை. அதனால் தார்ப்பாய்.
நாலடி உயரத்துக்கு ஓரடி தள்ளி ஏணிக்கால்;
மேல்முனையைக் கட்டியாயிற்று.
முகட்டு உத்தரத்தில் திருகிய வளையத்தை
என் முழு எடையால் இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன்.
மூன்றாம் முறை இழுத்தது
வீட்டுக்காரம்மா பார்க்கிறார் என்பதற்காக.

பத்தேகாலுக்கு இளஞ்சேரன் வழுக்கினான்.
பாசி. வேறொன்றுமில்லை.
விளிம்போடு ஒன்று கிளம்பி அவனை முந்திக்கொண்டு போய்
வாசல் சிமெண்டில் உடைந்தது.
அவன்தான் என்று நினைத்தேன்.

எட்டிப் பார்க்க முடியாமல்
கயிற்றைப் பார்த்தேன்.
விறைத்திருந்தது.
மடித்துத் தைத்த அதன் பை
வாழைப்பட்டை உரிவதுபோல் தையல் தையலாகக் கிழிந்து
அவன் விழுந்த வேகத்தைத் தின்றிருந்தது.
கிழிவதற்கென்றே போட்ட தையல் அது.
தைத்தவருக்கு, எந்த ஊரோ, நன்றி.

மாடிப்படி ஜன்னலில் திருமதி கூய், கையில் பாதி உரித்த பூண்டு,
கண்ணாடிக்கு வெளியே ஒரு ஜோடி பூட்ஸ்.
அவர் அலறவில்லை. ஜன்னலைத் திறந்தார்.
தொங்குகிறவனின் தொடையைப் பட்டை இறுக்கும்,
ரத்தம் காலிலேயே தங்கிவிடும்
என்று பயிற்சியில் சொன்னார்கள்.
பாதி நேரம் தூங்கிய எனக்கு
அந்த ஒரு வரி மட்டும் எப்படியோ ஒட்டியிருந்தது.
"கம்பியில காலை வை, டேய், ஜன்னல் கம்பியில!"
வைத்தான்.
கம்பிக்குள்ளிருந்து பூண்டு மணக்கும் கை ஒன்று
அவன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டது.
ஷுக்ரி ஏணியை அவிழ்த்து, சுற்றிவந்து, சாய்த்துக் கட்ட
ஆறு நிமிடம்.
ஆறு நிமிடமும் அந்தக் கை விடவில்லை.

கிளினிக்கிலிருந்து திரும்பும்போது லோரியில் கேட்டேன்,
எப்போது மாட்டினாய் கொக்கியை?
"கயிறு காலுக்குள்ள வந்து இடறிக்கிட்டே இருந்துச்சு.
எரிச்சல்ல மாட்டித் தொலைச்சேன்."
அவ்வளவுதான்.
நான் சொல்லி அல்ல, சட்டத்துக்குப் பயந்து அல்ல,
மூன்று வயது மகளை நினைத்தும் அல்ல.
கொக்கி காரணம் கேட்பதில்லை.

மாலை, பிறை ஸ்டோரில்
முதலாளி கயிற்றைக் கையில் சுருட்டிப் பார்த்தார்.
"கிழிஞ்சது பைதானே. கயிறு நல்லாத்தானே இருக்கு?
முந்நூற்றெண்பது வெள்ளி, செல்வி."
ஒருவனைத் தாங்கிய கயிறு
இன்னொருவனைத் தாங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.
உள்ளே எந்த இழை செத்தது என்று
வெளியே தெரியாது.
இதை விளக்கினேன். தலையாட்டினார்.
ஆணியில் திரும்ப மாட்டினார்.

அவர் காரைக் கிளப்பும் சத்தம் கேட்டதும்
கத்தியை எடுத்தேன்.
உயிரோடிருக்கும் ஒன்றை அறுப்பதுபோல்தான் இருந்தது.
முழம் முழமாகப் பத்துத் துண்டு.
இடுப்புப் பட்டையையும் விடவில்லை.
ஒரு துண்டை இளஞ்சேரன் கேட்டான்,
எதற்கு என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
முந்நூற்றெண்பதும் என் சம்பளத்தில் பிடித்தார்கள்.

வியாழக்கிழமை மறுபடி குளுகோர்.
நாலு பலகை பாக்கி, உடைந்த ஓடு பாக்கி.
மைனா கூட்டை இன்னும் பெரிதாக்கியிருந்தது.
புதுக் கயிறு, தகரப் புட்டி வாசனையோடு,
இன்னும் எதையும் தாங்காதது.
இளஞ்சேரன் வரவில்லை; ஷுக்ரி ஏறினான்.
நான் வளையத்தை இழுத்துக்கொண்டிருக்கும்போது
கீழேயிருந்து திருமதி கூய் மலாயில் கேட்டார்:
படிக்கட்டு ஜன்னலை
இன்றைக்குத் திறந்தே வைக்கவா?